ஓவனுக்குள் நான்கு வருஷக் கடல்

எனக்கு எழுத வந்த ஒரே வகை எழுத்து சுற்றறிக்கை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை. யாருக்குக் கணக்குத் திறப்பது, யாருக்கு சர்வரில் எவ்வளவு இடம் கொடுப்பது, யார் கடவுச்சொல்லை மறந்தது எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். பெரிய பேராசிரியர்கள்கூட வராந்தாவில் என்னைக் கண்டால் ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பார்கள். வேலை ஆக வேண்டுமே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தலைக்கனம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்புவரை ஆய்வுத் தரவுகளை எங்கே வைப்பது என்ற தலைவலியே எங்களுக்கு இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்திருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள், நாங்களும் கொட்டினோம். ஒருநாள் கையை விரித்துவிட்டார்கள். இனி இவ்வளவுதான், மீறினால் அஞ்சல்கூட வராது என்றார்கள். எல்லோரும் மாதாமாதம் பழைய அஞ்சல்களை அழித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக ஓர் உத்தரவு போட்டோம். அதற்கப்புறம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, ஆய்வுக் குழுக்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒரு வழிகாட்டி எழுதச் சொன்னார்.

வழி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தலைமை வளாகத்தில் எங்கள் சர்வர் இருந்தது. குளிரூட்டிய அறை, ஜெனரேட்டர், எதைப் போட்டாலும் தானாக ஒரு நகல். ஆனால் இடம் குறைவு, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும், விண்ணப்பம் என்னிடம்தான் வரும். இல்லையென்றால் குழுவே ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கித் தங்கள் அறையில் ஓட்டிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்களுக்குக் கையடக்க ஹார்டு டிஸ்க். டிஸ்க் பற்றி நான் எழுதிய வரி இதுதான்: ‘ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் எடுத்து, இரண்டையும் தங்கள் வளாகத்திலேயே மிக உலர்ந்த இடத்தில் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். எழுதி முடித்ததும் இரண்டு முறை வாசித்து, நல்ல வரி என்று நானே மெச்சிக்கொண்டேன்.

வழிகாட்டியை எல்லோரும் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை கொடுக்க, முதலில் கடற்கரைக்கு அனுப்பினார்கள். உச்சிப்புளி தாண்டிக் கடல் பக்கம் இறங்கினால் எங்கள் கடலாய்வு நிலையம். நான்கு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு வேப்பமரம். கடற்படை விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திக்கொண்டு, அது போனபின் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான். ஆனால் சாயல்குடிக்கு உள்ளே, வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர். கடல் பக்கத்தில் இருந்தும் கால் நனைத்ததோடு சரி. உப்புக் காற்று என்ன செய்யும் என்பதை அங்கேதான் பார்த்தேன். பூட்டுகளுக்கு வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசையாக வாங்கிய சேமிப்புப் பெட்டி சில மாதத்திலேயே விசிறி துருவேறி நின்றுபோய், அதன்மேல் தேநீர் டம்ளர் வைத்திருந்தார்கள். இணைய இணைப்பு ஒரு புகைப்படத்துக்கே மூச்சு வாங்கியது.

அங்கே கடற்புல்லை ஆராய்கிற குழுவில் ஒரு மாணவி இருந்தாள். கீழக்கரைப் பக்கத்துப் பெண். முழுக்கை நீச்சல் உடையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாகப் படகிலிருந்து முதுகுப்பக்கமாகச் சரிந்து கடலில் விழுவாள் என்று அவளுடைய பேராசிரியர் பெருமையாகச் சொன்னார். கடலுக்கடியில் குறித்து வைத்த அதே பாதையில் மாதாமாதம் நீந்தி வீடியோப் படம் எடுக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, எவ்வளவு புல், என்ன உயரம், எந்த மீன் என்று எண்ண வேண்டும். நான்கு வருடப் படம் அப்படிச் சேர்ந்திருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஐந்து மாதம்.

பக்கத்து அறைக்குப் போய் ஒரு டிஸ்க் எடுத்து வந்து, இரண்டாம் வருடப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பச்சைத் தரை. நல்ல மழை வருடத்தில் எங்கள் ஊரில் கம்பு நிற்கும், அப்படி நின்றது. அலை வரும்போதெல்லாம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஊடே குஞ்சு மீன்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“இது இப்ப அங்கன இல்ல சார்,” என்றாள். “மூணாவது வருஷம் இழுவலைப் படகு கரையோரமா வந்து சீவிட்டுப் போயிருச்சு. இப்பப் போனா வெறும் மண்ணுதான். இம்புட்டுப் புல்லு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்தப் படம்தான் இருக்கு.”

“பத்திரமா வச்சிருக்கீகளா?”

“நீங்க அனுப்புன மாதிரியே ரெண்டு ரெண்டா வச்சிருக்கோம் சார்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “சர்வர்ல எங்களுக்கு இடம் கிடைக்குமா சார்?” என்று கேட்டாள்.

“விண்ணப்பம் போடும்மா, பாப்போம்,” என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே வைக்கிறாள் என்று நான் எழுந்து பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்காகத்தான் எனக்குப் பயணப்படி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை பேராசிரியரும் மாணவர்களும் படகில் போனார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் நான் போகவில்லை. பதினோரு மணி வாக்கில் பேராசிரியர் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டார். “சார், ஒரு சின்ன உதவி. சாம்பிள் அறையில ஓவன் இருக்கு பாருங்க, அறுபதுல போட்டு விட்டுருங்க. புல்லோட வாரோம், வந்ததும் காய வைக்கணும்.” ஓவன் என்றால் ரொட்டி சுடுகிற ஓவன் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஈரத்தைப் போக்குவதற்கு வைத்திருக்கும் இரும்புப் பெட்டி, ஓர் ஆள் இடுப்பு உயரம்.

கதவைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? முள்ளை அறுபதுக்குத் திருப்பி சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உபகாரம் செய்த திருப்தியோடு வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு அறிக்கையை ஆரம்பித்தேன். ‘இந்நிலையத்தில் வழிகாட்டி நெறிகள் செவ்வனே பின்பற்றப்படுகின்றன’ என்பது முதல் வாக்கியம்.

அந்த ஓவனின் முள் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. அறுபதில் வைத்தாலும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் நிலையத்தில் யாரும் அதைப் போட்டுவிட்டு நகர்வதில்லை. கதவிடுக்கில் ஒரு பழைய ரப்பர் செருப்பைச் செருகி வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறினால் அணைத்து, இறங்கினால் போட்டு, அப்படித்தான் புல்லைக் காயவைப்பார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். பழகிப்போனதால் வெளியாளுக்குச் சொல்ல வேண்டும் என்று பேராசிரியருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கென்று, படகை முன்னேற விடாத கச்சான் காற்றும் பிடித்துக்கொண்டது. ஒரு மணிக்குக் கரைசேர வேண்டிய படகு நாலரைக்குத்தான் வந்தது.

முதலில் உள்ளே வந்தவள் அவள்தான். உடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“ஓவன் ஓடுதா சார்?”

“ஆமாம்மா. காலையிலேயே போட்டுட்டேன்,” என்றேன், பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து.

ஓடினாள். நான் பின்னால் போவதற்குள் கதவைத் திறந்திருந்தாள். சூடு என் முகத்தில் வந்து அடித்தது. உள்ளே இரண்டு தட்டிலும் டிஸ்க்குகள், அசல் நான்கும் நகல் நான்குமாக எட்டு. பிளாஸ்டிக் உறைகள் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவள் வெறுங்கையால் ஒன்றை எடுக்கப் போனாள், நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மிக உலர்ந்த இடம்னு போட்டிருந்தீங்க சார்,” என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையின் குரலில் சொன்னாள். “இங்கன காஞ்ச எடம் இது ஒண்ணுதான்.”

அது உண்மை. அந்த நிலையம் முழுக்கத் தேடினாலும் ஈரம் ஏறாத இடம் அந்த இரும்புப் பெட்டி ஒன்றுதான். மாதத்தில் ஓரிரு நாள் தவிர அது சும்மாதான் கிடக்கும். என் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து மதித்த ஒரே ஆள் இந்தப் பெண்தான் என்று நினைக்கிறேன். பேராசிரியரிடமும் சொல்லித்தான் வைத்திருந்தாள், அவர் தலையாட்டி மறந்துவிட்டார். அவர் எனக்குப் போன் செய்த நேரத்தில் அவள் தண்ணீருக்கடியில் இருந்தாள். மேலே இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தடுத்திருப்பாள். ‘உள்ளே டிஸ்க் உண்டு’ என்று அவள் கதவில் ஒட்டிய தாள், ஈரக் காற்றில் பசை விட்டு, மேசைக்குப் பின்னால் கிடந்தது.

எட்டையும் துணியில் சுற்றி நானே சென்னைக்கு எடுத்துப் போனேன். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கிற கடை ஒன்று இருந்தது. மூன்று வாரம் வைத்திருந்தார்கள். முதல் வருடம் வந்தது. மூன்றாவதும் நான்காவதும் வந்தன. இரண்டாம் வருடம் மட்டும் அசலும் போய், நகலும் போயிருந்தது. புல் இருந்த வருடம் அது. அதை மறுபடி எடுக்க அந்தத் தரையில் ஒரு புல்லும் இல்லை.

அவளிடம் மிச்சம் இருந்தது கையால் எழுதிய நோட்டுகள். தண்ணீருக்கடியில் பலகையில் பென்சிலால் குறித்து, கரைக்கு வந்து நோட்டில் ஏற்றியவை. அதை வைத்து இரண்டாம் வருடத்தை எழுதலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு கூடியது. கணினி மையத்தின் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைப் பேராசிரியர் சொன்னார். ஓவனைப் போட்டது நான்தான் என்று நானும் சொன்னேன், இரண்டாம் வருடப் படம் ஒன்றைப் பார்த்ததாகவும் சொன்னேன். குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு படம் பாத்தீங்க. ஒரு வருஷத்தையா பாத்தீங்க?” பிறகு அவள் பக்கம் திரும்பி, “நாலு வருஷத்துல எது முக்கியமோ அது மட்டும் வெந்துபோச்சு. எங்க காதுல பூ சுத்தியிருக்காம்மா?” என்றார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. “எடுத்தேன் சார். பன்னெண்டு மாசமும் எறங்கினேன்.”

“அப்ப சர்வர்ல ஏன் வைக்கலே? மத்த குழு எல்லாம் வைக்குதே.”

“மூணு தடவ இடம் கேட்டு எழுதுனேன் சார். கிடைக்கல. மூணாவது தடவ ஒவ்வொரு படத்துக்கும் தேதி, அளவு எல்லாம் பட்டியல் போட்டு அனுப்பினேன்.”

“அந்த அஞ்சலைக் காட்டு. பட்டியல் இருந்தா எல்லாம் சரியாப் போச்சு.”

“மாசாமாசம் அஞ்சலை எல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு இருக்குல்ல சார். அழிச்சுட்டேன். பட்டியலும் அந்த டிஸ்க்குலதான் இருந்துச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பதிவுகளைப் பார்த்துச் சொல்கிறேன்,” என்றேன். இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்குள் ஆதாரம் வராவிட்டால், இல்லாத படத்தை இருந்ததாகச் சொன்னாள் என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆய்வில் அந்தப் பெயர் வாங்கியவளுக்கு அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதிவைப் பார்க்காமலே எனக்குப் பதில் பாதி தெரிந்திருந்தது. அப்படித் திருப்பி அனுப்புகிற ஆள் எங்கள் மையத்தில் ஒருவன்தான்.

மையத்தின் பொது அஞ்சல் பெட்டியை நாங்கள் அழிக்கவில்லை. உத்தரவு மற்றவர்களுக்குத்தானே. அவள் அனுப்பிய மூன்றும் அதில் இருந்தன. முதல் விண்ணப்பத்தில் பேராசிரியரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. திருப்பியிருந்தேன். அடுத்ததில் தரவின் அளவை ‘ஏறக்குறைய’ என்று போட்டிருந்தாள். ஏறக்குறைய என்பதை ஏற்க இயலாது, கோப்புவாரியாகப் பட்டியல் தருக என்று கேட்டிருந்தேன். பாவம், தந்திருந்தாள். இரண்டாம் வருடத்தின் ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு முறை இறங்கியதும், ஒவ்வொரு கோப்பின் பெயரும் தேதியும் அளவும், அந்த வருடத்துக்கு மட்டும் ஐந்து பக்கம். அதற்கு என் பதில் ஒரு வரி: ‘பழைய படிவத்தில் விண்ணப்பித்துள்ளீர்கள்.’ அன்றைக்கு சர்வரில் இடம் இருந்ததா என்று பார்த்தேன். இருந்தது.

இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். “எதுக்குய்யா வம்பு? நாமளே இடம் கொடுக்கலைன்னு நாமளே எழுதிக் கொடுக்கிறதா? பழைய அஞ்சல் எதுவும் இல்லைன்னு எழுதிரு. யார் வந்து தோண்டப் போறா?”

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, பயந்தேன். ஓய்வு பெற அதிக வருடம் இல்லை. ஒரு மெமோ விழுந்தால் எங்கெல்லாம் இடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கணினியைத் திறந்தால் அந்த ஐந்து பக்கம் கண்முன் வந்து நின்றது. ஒவ்வொரு வரியும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய் வந்த ஒரு நாள். மூன்றாம் நாள் காலை உட்கார்ந்து எழுதினேன். கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், பரிசீலிக்கப்பட்டது என்றெல்லாம் இருபது வருடம் எழுதியவனுக்கு ‘நான்’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நான் மூன்று முறை திருப்பி அனுப்பினேன், இடம் இருந்தது, காரணங்கள் அற்பமானவை என்று எழுதி, மூன்று அஞ்சலையும் பட்டியலையும் இணைத்துக் குழுவுக்கு நேரடியாகக் கொடுத்தேன்.

பட்டியலையும் நோட்டுகளையும் மாதவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. நோட்டை ஏற்றுக்கொண்டார்கள். என் கடிதத்தை ஆய்வேட்டின் கடைசியில் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு மெமோ வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வர வேண்டியதுதான்.

கடிதத்தின் நகலோடு ஒருநாள் அவள் என் மேசைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மூணு தடவையும் நீங்கதானா சார்?”

“ஆமாம்மா.”

“அன்னைக்கு நேர்ல கேட்டேன். அப்பவும் விண்ணப்பம் போடுன்னீங்க.”

“ஆமா.”

இன்னும் ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். “நான் வாரேன் சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன். அந்த அற்பத்தனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வளாகத்தில் இரண்டு முறை எதிரே வந்தாள். என்னைப் பார்க்காத மாதிரி போனாள்.

வாய்மொழித் தேர்வு நடந்த அன்று நான் அந்தக் கட்டடத்தின் பக்கமே போகவில்லை. முடிந்துவிட்டது, நன்றாகச் செய்தாள் என்று யாரோ சொன்னார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, நான் தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, வெளிநாட்டு எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய வாப்பா. சவூதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாராம். ஜும்மா தொழுகை முடித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

“மக பட்டம் வாங்கிருச்சு சார், அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு நம்பர் வாங்கினேன்.”

இவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்தேன். விஷயம் தெரியாத மனிதரின் நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. “அய்யா, நீங்க நன்றி சொல்லக்கூடாது,” என்றேன். “ஓவனைப் போட்டது நான். இடம் கேட்டதத் திருப்பித் திருப்பி அனுப்புனதும் நான்தான்.”

“தெரியும் சார்,” என்றார். “அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அந்த ரெண்டு வாரமும் எம் புள்ள சரியா சோறு திங்கல. கடல்ல எறங்குனதே பொய்யிங்கிறாக வாப்பான்னு போன்ல அழுதுச்சு. நான் இங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய, சொல்லுங்க? துஆதான் கேட்டேன். எம் புள்ள சொல்றது நெசம்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லிரணும்னு கேட்டேன். தான் கெட்டாலும் பரவாயில்லன்னு நீங்க சொன்னீக.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மகளுக்கு உங்க மேல இன்னும் கோவம் போகல சார். நன்றி சொல்லும்மான்னேன், மாட்டேன்னுருச்சு.”

“வேண்டாம் அய்யா. வற்புறுத்தாதீக,” என்றேன். “அந்தக் கோவம் நியாயமான கோவம்.”

“நானும் அதத்தான் சொன்னேன் சார். கோவம் ஒன்னோடதா இருக்கட்டும், நன்றிய நான் சொல்லிக்கிறேன்னு.”

மையத்தில் எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம், “சார், லைன்ல இருக்கீகளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.